மொரீஷியஸ் கடற்கரையும் கோலார் தங்கவயல் சைனைட் மேடும்

கே.ஜி.எஃப். என்றால் இப்போதெல்லாம் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. 2018-ல் வந்த கன்னடப் படமும், 2022-ல் வந்த இரண்டாம் பாகமும் அந்த மூன்றெழுத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. மொரீஷியஸில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில்கூட, ஊர் பெயரைச் சொன்னதும் ஒரு பையன் "ராக்கி பாய் ஊரா?" என்று கேட்டான். ராக்கி பாய் எங்கள் லைனில் குடியிருக்கவில்லை தம்பி என்று சொல்லிவைத்தேன். :-)

எங்கள் லைனில் குடியிருந்தவர்கள் சங்கு ஊதினால் எழுந்து, சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு, கேஜில் ஏறி பூமிக்குள் இறங்கி, ஷிப்ட் முடிந்து மேலே வந்தவர்கள். சிலர் வராதவர்கள். அவர்கள் கதையைச் சினிமா சொல்லவில்லை என்று எனக்குப் பெரிய வருத்தமில்லை. சினிமா சினிமாதான். 2024-ல் வந்த 'தங்கலான்' அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிப் பார்த்தது, அதற்கு ஒரு வணக்கம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாமே சொல்லவில்லையே என்பதுதான் என் கவலை. அந்தக் கவலை எனக்கு வந்த இடம் கோலார் இல்லை, மொரீஷியஸ் கடற்கரை. அதனால் இந்தப் பதிவு சுற்றுலாப் பதிவு மாதிரி ஆரம்பித்து வேறு எங்கோ போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஜூலையில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அப்பா சாம்பியன் ரீஃபில் டிம்பரிங் கேங்கில் வேலை பார்த்து, சுரங்கம் மூடும்வரை இருந்தவர். கடலென்றால் அவருக்கு மெரினா மட்டும்தான் தெரியும். அதனால் ஒரு நாள் கடற்கரைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினேன். பெரிய பஸ் இல்லை, எட்டுப் பேர் உட்காரும் வேன். நாங்கள் ஐந்து பேர், பக்கத்துத் தீவான ரீயூனியனிலிருந்து ஒரு தம்பதி, வழிகாட்டி. வண்டி ஓட்டுவதும் அவரே. வடக்கு முனையில் ஆரம்பித்து மேற்குக் கரையோரமாகவே இறங்கி, சாயங்காலம் தென்மேற்கு மூலையில் முடிக்கிற திட்டம். தீவின் நீளமே 65 கிலோமீட்டர் சொச்சம்தான் என்பதால் ஒரே நாளில் முடியும்.

வழிகாட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். தமிழ் வம்சாவளி. ஆனால் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. "வணக்கம்", "காவடி", "சாமி" என்று நாலைந்து வார்த்தை தெரியும். இங்கே நிறைய தமிழ்க் குடும்பங்கள் அப்படித்தான். பெயர்கள்கூட பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, சின்னத்தம்பி 'சினதம்பூ' ஆகி இருப்பார். முத்து 'மூத்தூ' ஆகியிருப்பார். ஆனால் தைப்பூசக் காவடிக்கு நாடு முழுக்க அரசு விடுமுறை. ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1998-ல் புது நோட்டு அடித்தபோது வரிசை மாறி இந்தி மேலேயும் தமிழ் கீழேயும் போய்விட்டது. தமிழர்கள் போராடியதில் அந்த நோட்டையே அரசாங்கம் திரும்பப் பெற்றது. மொழி பேச வராதவர்கள் மொழிக்காகச் சண்டை போட்டார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

முதலில் நின்றது காப் மாலெரு. சிவப்புக் கூரை போட்ட சின்ன மாதா கோயில், பின்னால் நீலக் கடல், எதிரே முக்கோணமாக ஒரு குட்டித் தீவு. மொரீஷியஸ் படம் போட்ட காலண்டரில் எல்லாம் இந்த இடம் இருக்கும். எல்லோரும் போட்டோ எடுத்து முடிக்கிறவரை வழிகாட்டி பொறுமையாக இருந்தார். பிறகு சொன்னார்: இந்த வடக்குக் கரையில்தான் 1810 நவம்பர் 29-ம் தேதி பிரிட்டிஷ் படை இறங்கியது. டிசம்பர் 3-ம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். வந்த படையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் இருந்தார்கள். அதற்கும் முன்னால் 1730-களில், லபூர்தொனே என்ற பிரெஞ்சு கவர்னர் துறைமுகம் கட்டப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களைக் கொண்டுவந்தார். "நம் ஆட்கள் இந்தக் கரைக்கு மூன்று தடவை வந்தார்கள் தொந்தோன்" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். (தொந்தோன் என்றால் கிரியோலில் மாமா.) "முதலில் உளியோடு, அப்புறம் துப்பாக்கியோடு, கடைசியில் மண்வெட்டியோடு."

எனக்கு உடனே எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. காரணம் இருக்கிறது. 1799-ல் திப்பு விழுந்ததும் மைசூர் எல்லையை அளக்க ஆங்கிலேயர் ஆள் அனுப்பினார்கள். அப்படி 1802-ல் வந்தவர் லெப்டினன்ட் ஜான் வாரன். பெயர்தான் ஆங்கிலம், ஆள் பிரெஞ்சுப் பிரபு வம்சம். மாரிகுப்பம், ஊரிகம் பக்கத்தில் ஜனங்கள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதைப் பார்த்து, அதை எழுதிவைத்தவர் அவர்தான். (அதே வாரன் பிற்காலத்தில் நம் பஞ்சாங்கக் கணக்கைப் பற்றி 'கால சங்கலித' என்று ஒரு தடித்த புத்தகமும் எழுதினார், 1825-ல்.) அந்தக் குறிப்பு எழுபது வருடம் தூங்கியது. நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு பெங்களூரில் ஓய்வாக இருந்த லாவெல் என்ற ஐரிஷ் சிப்பாய், 1873-ல் மைசூர் அரசிடம் அனுமதி கேட்டார். கையில் காசு போதவில்லை, அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்தது. சில வருடங்களில் சாம்பியன் லோடு என்ற பெரிய தங்க ரேகை பிடிபட்டது. அப்புறம் 120 வருடத்தில் 800 டன் தங்கம் அந்த ஊர் பூமியிலிருந்து வெளியே வந்தது.

அடுத்த நிறுத்தம் மோன் ஷ்வாஸி. பிறை மாதிரி வளைந்த நீளமான வெள்ளை மணல், கரையோரம் முழுக்கச் சவுக்குத் தோப்பு. ஞாயிற்றுக்கிழமையானால் உள்ளூர்க் குடும்பங்கள் அண்டாவோடு பிரியாணி கொண்டுவந்து தோப்பில் பாய் விரித்துவிடுவார்கள். வெள்ளை மணல் எப்படி வந்தது என்று வழிகாட்டி விளக்கினார். இந்தத் தீவு எரிமலைப் பாறை, கறுப்பு. மணல் மட்டும் வெள்ளை. தீவைச் சுற்றி வேலி மாதிரி பவளப்பாறை இருக்கிறது. அதுவும் சிப்பியும் உடைந்து நொறுங்கிக் கரைக்கு வந்து சேருவதுதான் இந்த மணல். இந்த மணலையும் ஒரு காலத்தில் வீடு கட்ட அள்ளிக்கொண்டுதான் இருந்தார்களாம். கரை தேய ஆரம்பித்ததும் 2001-ல் காயல் மணல் அள்ளக் கூடாது என்று தடை போட்டார்கள்.

2001 என்றதும் அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 2001 பிப்ரவரி 28-ம் தேதிதான் எங்கள் ஊர்ச் சுரங்கத்தை மூடினார்கள்.

அந்த நேரம் பார்த்து என் மகள் கேட்டாள்: "தாத்தா, உங்க ஊர்ல பீச் இருக்கா?"

"இருக்கு கண்ணு. சைனைட் மேடுன்னு பேரு. தண்ணிதான் இல்ல."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அப்பா சொன்னது ஜோக் மட்டும் இல்லை. தங்கம் இருக்கிற பாறையை மாவாக இடித்து, சைனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்த பிறகு மிச்சம் கிடக்கிற மண்தான் அந்த மேடு. வெள்ளையும் மஞ்சளுமாக, தூரத்திலிருந்து பார்த்தால் அசல் மணல் குன்று. தொடக்கத்தில் ஒரு டன் பாறைக்குப் பல பத்து கிராம் தங்கம் கிடைத்த ஊர், கடைசியில் சில கிராமுக்கு வந்துவிட்டது. மற்றதெல்லாம் மேடாகக் குவிந்தது. மொத்தம் 13 மேடு, 3 கோடி டன்னுக்கு மேல் மண். எங்கள் வயதுப் பையன்கள் அதில் அட்டைப் பெட்டியில் உட்கார்ந்து சறுக்கியிருக்கிறோம். காற்று அடிக்கிற மாதங்களில் அந்த மாவு ஊர் முழுக்கப் பறக்கும். உலர்த்திய துணியில், மூடாத குழம்பில், மூக்கில். வெளியூர்க்காரர்கள் இப்போது அங்கே செல்ஃபி எடுக்க வருகிறார்கள்.

மொரீஷியஸ்காரர்களுக்கும் கடலில் ஒரு விஷ அனுபவம் உண்டு. 2020 ஜூலை 25-ல் வகாஷியோ என்ற கப்பல் தென்கிழக்குக் கரையில் பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட்டில் எண்ணெய் கசிந்து காயலுக்குள் பரவியது. அரசாங்கத்துக்காகக் காத்திருக்காமல் ஜனங்களே கரும்புச் சோகையைத் துணியில் திணித்து, மிதக்கும் அணை கட்டி, எண்ணெயைத் தடுத்தார்கள். வழிகாட்டி தானும் மூன்று நாள் சோகை திணித்ததாகச் சொன்னார். சொல்லும்போது குரலில் ஒரு உரிமை இருந்தது. இது என் கரை என்கிற உரிமை.

மதியம் போர்ட் லூயி. இங்கே கடற்கரை இல்லை, துறைமுகம்தான். ஆனாலும் ஒரு இடத்தைக் காட்டாமல் போக முடியாது என்று நிறுத்தினார். ஆப்ரவாசி காட். ஒப்பந்தக் கூலிகள் கப்பலை விட்டு இறங்கி ஏறிவந்த 16 கல் படிகள். 1834 நவம்பர் 2-ல் அட்லஸ் என்ற கப்பலில் 36 பேர் வந்ததில் ஆரம்பம். அடுத்த வருடம் பிப்ரவரி 1-ல் இங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும். அப்புறம் 20-ம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நாலரை லட்சம் பேருக்கு மேல் வந்து இறங்கினார்கள். கல்கத்தா துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் அதிகம், சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. வடாற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு, தஞ்சாவூர், திருச்சி ஆட்கள்.

ஒரு காலத்தில் இதற்குப் பெயர் 'கூலி காட்'. 2006-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. நவம்பர் 2 அரசு விடுமுறை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வந்து இறங்கிய ஆட்களின் பதிவேடுகளை மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பில் என்ன தழும்பு என்று எல்லாம் எழுதியிருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு எண். 1860-களிலிருந்து போட்டோவும் உண்டு. பேரப் பிள்ளைகள் போய்த் தேடலாம்.

வழிகாட்டி தேடியிருக்கிறார். அவர் பாட்டனுக்குப் பாட்டனின் எண்ணை எங்களிடம் மனப்பாடமாகச் சொன்னார். 1850-களில் வந்தவர். ஊர் பெயர் சரியாகப் படிக்க முடியவில்லையாம், ஆனால் ஜில்லா வடாற்காடு.

"நார்த் ஆர்க்காட்டா?" அப்பா நிமிர்ந்தார். அப்பாவின் இங்கிலீஷ் மைன்ஸ் இங்கிலீஷ், துரைமாரிடம் வேலை பார்த்தவர்களிடமிருந்து பரம்பரையாக வந்தது. "மை கிராண்ட்ஃபாதர் ஆல்சோ. குடியாத்தம்."

வழிகாட்டிக்குக் குடியாத்தம் எங்கே என்று தெரியவில்லை. அப்பா அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையில் விரலால் பாலாற்றைப் போட்டுக் காட்டினார். என்னிடம் தமிழில் சொன்னார்: "இவரு ஆளு ஆத்தோட கிழக்க நடந்தாரு. நம்ம ஆளு மேற்க நடந்தாரு. அவ்ளோதாம்பா."

அவ்வளவுதான். கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பாலாறு கோலார் ஜில்லா வழியாக, எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் தந்த பேத்தமங்கலா ஏரியைத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு, காஞ்சிபுரம் பக்கமாகப் போய், சென்னைக்குத் தெற்கே வயலூரில் கடலில் சேருகிறது. (தண்ணீர் இருந்தால்!) அந்த ஆற்றங்கரைச் சேரிகளில் நிலம் இல்லாமல், பண்ணையடிமையாகக் கிடந்த ஜனங்களுக்கு 19-ம் நூற்றாண்டில் வெளியே போக வழி கிடைத்தது. முதலில் கிழக்கே, சென்னைத் துறைமுகம். மொரீஷியஸ் கதவு அகலமாகத் திறந்திருந்தது 1840-களிலிருந்து 1860-கள்வரை. 1866-68-ல் இங்கே மலேரியா கொள்ளைநோயாக வந்து ஆயிரக்கணக்கில் ஆட்களை வாரியது. அப்புறம் வருகை குறைந்தது.

அந்தப் பக்கம் தாது வருடப் பஞ்சம், 1876-78. வடாற்காடும் சேலமும் வெந்து போயின. அதே நேரம் மேற்கே ரயில் போட்டாகிவிட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட் வரை 1864-லேயே ரயில். 1894-ல் பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்குக் கிளைப் பாதை. மேஸ்திரிகளும் கான்ட்ராக்டர்களும் ஊர் ஊராக ஆள் பிடித்தார்கள். 20-ம் நூற்றாண்டு பிறந்த கொஞ்ச காலத்திலேயே தங்கவயலில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். பெரும்பாலும் தமிழர்கள், அதிலும் பெரும்பாலும் தலித்துகள். கப்பல் ஏறாமலே கூலிக்குப் போனவர்கள். சுற்றிலும் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற நாட்டுக்கு நடுவில் ஒரு தமிழ்த் தீவு. பாஸ்போர்ட் மட்டும் தேவைப்படவில்லை.

போர்ட் லூயியிலிருந்து தெற்கே போகிற வழியில் அப்பாவும் வழிகாட்டியும் முன் சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார்கள். இரண்டு பேரும் அவரவர் ஊர்க் கதையை ஒப்பிட்டுக்கொண்டு வந்ததைக் கேட்டபோது, நான் சரித்திரப் புத்தகத்தில் படித்ததெல்லாம் உயிரோடு பேசுகிற மாதிரி இருந்தது.

இங்கே 1867 சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்த பழைய கூலியும் போட்டோ ஒட்டிய பாஸ் வைத்திருக்க வேண்டும். இல்லாமல் ரோட்டில் போனால் ஜெயில். 1871-ல் தெ ப்ளெவிட்ஸ் என்ற தோட்டக்காரர் இவர்களுக்காக ஒரு மனு எழுத, 9,401 பேர் அதில் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். லண்டனிலிருந்து விசாரணைக் கமிஷன் வந்தது.

தங்கவயலில் 1930-ல் கம்பெனி புதிய பதிவுமுறை கொண்டுவந்தது. தொழிலாளிகள் எல்லோரும் கைரேகை வைக்க வேண்டும். திருடனுக்கு எடுக்கிற ரேகையை எங்களுக்கு எதற்கு என்று கிளம்பிய கோபம், ஏறக்குறைய மூன்று வாரம் வேலைநிறுத்தமாக நின்றது. பெரிய சங்கம் கிடையாது, தலைவர் கிடையாது, தாங்களாகவே நின்றார்கள். 1940-களில் சங்கம் வந்தது. கே.எஸ்.வாசன், வி.எம்.கோவிந்தன் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் வந்தார்கள். 1946 நவம்பர் 4-ம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளிகள் செத்தார்கள். நவம்பர் 2 இங்கே விடுமுறை. நவம்பர் 4 எங்கள் ஊரில் என்ன நாள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசி நிறுத்தம் லெ மோர்ன். கடலை ஒட்டிச் செங்குத்தாக நிற்கிற ஒரு பெரிய பாறை மலை, அதன் காலடியில் வெள்ளை மணல். தீவின் மிக அழகான கடற்கரை இதுதான் என்று நான் நினைக்கிறேன். மணலில் கால் வைத்து எல்லோரும் உட்கார்ந்ததும் வழிகாட்டி அந்த மலையின் கதையைச் சொன்னார். தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிய ஆப்பிரிக்க அடிமைகள் அந்த உச்சியில் ஒளிந்து வாழ்ந்தார்கள். அடிமை முறை ஒழிந்தது என்று சொல்ல ஆட்கள் மலை ஏறினார்கள். பிடிக்க வருகிறார்கள் என்று பயந்து, உச்சியிலிருந்து குதித்துச் செத்தார்கள் என்பது ஜனங்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. 2008-ல் இதையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். இது வழிகாட்டியின் சொந்த முன்னோர் கதை இல்லை, பக்கத்து வீட்டுக்காரரின் முன்னோர் கதை. ஆனாலும் தன் கதை மாதிரியே சொன்னார்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் என்னிடம் கேட்டார்: "நம்ம ஊர்ல இந்த மாதிரி கூட்டிக்கினு போய்க் காட்ட என்னா இருக்குதுன்னு நெனைக்கிற?"

அன்றைக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. இரண்டு மாதமாக யோசித்துப் பதில் எழுதியிருக்கிறேன். கீழே இருப்பது என் கற்பனைச் சுற்றுலா. எட்டுப் பேர், ஒரு வேன், ஒரு நாள், கோலார் தங்கவயல்.

முதல் நிறுத்தம் மாரிகுப்பம் ரயில் நிலையம். பாதை இங்கே முடிகிறது. இப்போதும் விடியற்காலையில் ஆயிரக்கணக்கான பேர் இந்தப் பாதையில் ரயில் பிடித்து, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். சுரங்கம் மூடியபோது வேலையில் இருந்த மூவாயிரத்துச் சொச்சம் பேரின் பிள்ளைகள் பலரும் இந்த ரயிலில்தான் பெரியவர்கள் ஆனார்கள். ஆளைக் கொண்டுவந்து கொட்டிய பாதை இப்போது ஆளை எடுத்துக்கொண்டு போகிறது.

இரண்டாவது, அதே மாரிகுப்பத்தில் பௌத்தம். அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு இங்கே கிளை இருந்தது. அவர் 1914-ல் மறைந்த பிறகு, அவர் நடத்திய 'தமிழன்' இதழ் பிற்பாடு தங்கவயலிலிருந்து வெளிவந்தது, ஜி.அப்பாதுரையார் நடத்தினார். பூமிக்கடியில் வேலை பார்த்தவர்கள் மேலே வந்து குளித்துவிட்டுப் பத்திரிகை நடத்தினார்கள், புத்தகம் அச்சடித்தார்கள், சாதியைப் பற்றி வாதம் செய்தார்கள். தமிழ்நாட்டுச் சரித்திரத்தின் முக்கியமான ஒரு பக்கம் கர்நாடகத்தில் அச்சானது.

மூன்றாவது, சாம்பியன் ரீஃப். கிஃபர்ட் ஷாஃப்ட்டின் இரும்புக் கோபுரம். 3 கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம், உலகத்தின் ஆழமான சுரங்கங்களில் ஒன்று. கீழே பாறை தொட்டால் சுடும். திடீரென்று பாறை வெடித்துச் சிதறுவதை எங்கள் ஊரில் 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். வெடித்தால் மேலே வீட்டில் பாத்திரம் உருளும், உடனே எல்லா வீட்டுப் பெண்களும் ஷாஃப்ட்டை நோக்கி ஓடுவார்கள். வெடிக்காமலே கொன்றது கல்தூசி. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலில் பதிவானது இங்கேதான். 1940-களில் 7,653 தொழிலாளிகளைச் சோதித்ததில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது.

அதே சுரங்கத்தில்தான் 1965-ல், காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை முதல் தடவையாகப் பிடித்தார்கள். மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களின் கூட்டு முயற்சி. கருவிகளைக் கேஜில் இறக்கி, கீழே கொண்டுபோய்ச் சேர்த்த கைகளில் எங்கள் லைன்காரர்களின் கைகளும் உண்டு. இயற்பியல் படிக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், ராக்கி பாய் தோற்றுப் போவார்.

நான்காவது, துரைமார் பங்களாவும் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் ஒரு பக்கம், லைன் வீடு ஒரு பக்கம். சிவசமுத்திரத்திலிருந்து 1902-ல் இங்கே மின்சாரம் வந்தது. பெங்களூர் தெருவுக்கு விளக்கு வந்தது 1905-ல்தான். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மின்சாரம் வந்தது மெஷினுக்கு. அந்தக் காலத்தில் தொழிலாளி இருந்தது மூங்கில் தட்டி வீட்டில். இரண்டையும் ஒரே நிறுத்தத்தில் காட்ட வேண்டும்.

ஐந்தாவது, 1946-ல் செத்த ஆறு பேருக்கான நினைவிடம். இங்கே வழிகாட்டி பேசாமல் இருந்தாலும் போதும்.

கடைசியாக சாயங்கால வெயிலில் சைனைட் மேடு. அங்கே நின்றால் ஊர் முழுக்கத் தெரியும்.

இத்தனைக்கும் எங்கள் ஊருக்குச் சுற்றுலாக்காரர்கள் வராமல் இல்லை. பக்கத்திலேயே கம்மசந்திராவில் கோடிலிங்கேஸ்வரர் கோயில் இருக்கிறது. பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். கும்பிட்டுவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, திரும்பிப் போகிறார்கள். ஐந்தாறு கிலோமீட்டரில் இவ்வளவு சரித்திரம் துருப்பிடித்து நிற்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

அவசரம் என்னவென்றால், அந்த மேடுகளே இருக்குமா என்று தெரியாது. மிச்சத் தங்கத்துக்காக அந்த 13 மேட்டையும் மறுபடி தோண்ட மத்திய அரசு கேட்டது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இதில் எனக்கும் அப்பாவுக்கும் கருத்து வேறுபாடு உண்டு. "எடுத்துக்கினு போவட்டும்டா. நம்ம புள்ளைங்களுக்கு நாலு பேருக்கு வேலை கெடைக்கும், தூசியும் போவும்" என்கிறார் அப்பா. தூசி தின்றவர் சொல்கிறார், நான் தூரத்தில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு 'பாரம்பரியம்' என்று அவரிடம் வாதாட முடியாது. மேடு போகட்டும். ஆனால் மேட்டோடு சேர்ந்து கதையும் போனால், மிச்சம் இருப்பது அந்த இரண்டு சினிமாதான்.

மொரீஷியஸில் பதிவேடு இருந்தது, அரசாங்கம் இருந்தது, யுனெஸ்கோ வந்தது, எல்லாம் சரி. ஆனால் அந்தப் படிகளைச் சின்னமாக மாற்றியது முதலில் வீடுகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மொழி போன வீட்டில்கூடப் பாட்டன் எண்ணை மனப்பாடம் செய்த பேரன் இருக்கிறார். எங்கள் வீட்டில் மொழி இருக்கிறது. அப்பாவின் சுரங்க டோக்கன் எண் அவருக்கு இன்னும் மனப்பாடம். எனக்குத் தெரியாது. லெ மோர்னிலிருந்து திரும்பும் வழியில்தான் என் மகள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நாலு இலக்கம். அவளுக்கு இப்போது மனப்பாடம்.

துபாயிலும் சிங்கப்பூரிலும் சிட்னியிலும் தங்கவயல் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. தங்கவயல் இல்லாவிட்டால் என்ன, தேயிலைத் தோட்டமோ ரப்பர் தோட்டமோ மில்லோ ரயில்வே காலனியோ இருக்கும். பெரியவர்கள் அடுத்த தடவை விடுமுறைக்கு வரும்போது கடற்கரைக்கும் மாலுக்கும் கூட்டிப்போங்கள், கூடவே போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். நம் ஆட்கள் எந்த ஊரிலிருந்து, எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார்கள்? முதல் நாள் வேலையில் என்ன நடந்தது? கூட வேலை பார்த்தவர்களில் யார் யார் திரும்பி வரவில்லை? மூன்றாவது கேள்விக்கு நேரம் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள், நம்மிடம் சொல்லாததை அவர்களிடம் சொல்வார்கள்.

அப்பா இங்கே இருந்த ஆறு வாரத்தில் நான் பதினான்கு மணி நேரம் பதிவு செய்திருக்கிறேன். அதில் ஒரு ஏர் பிளாஸ்ட் இரவைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார். அதை அவர் பேசின தமிழிலேயே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். அடுத்த பதிவு அதுதான்.